இடக்கைக்காரனின் சைக்கிள்

சைக்கிள் பாதி குளியலறைக்குள் போய்விட்டது. மீதிப் பாதி வரமாட்டேன் என்றது.

பல்லுக்காரர் ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்பிப் பார்த்தார். கதவு இடித்தது. இடப்பக்கம் திருப்பினார். வாளி உருண்டது. முன்சக்கரத்தைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிடலாம் என்று தூக்கியதில் பெடல் அவர் முழங்காலைப் பதம் பார்த்தது. மனைவி காய்கறி வாங்கப் போய் இருபது நிமிடம் ஆகிவிட்டது. எந்த நிமிடமும் வந்துவிடுவார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். முழுச் சைக்கிளைக் குளியலறையில் மறைப்பது அதைவிடக் கஷ்டம். பூசணிக்காய்க்குப் பெடல் கிடையாது.

பல்லுக்காரர் என்றதும் மருத்துவர் என்று நினைத்துவிட வேண்டாம். மருத்துவர் பல்லைப் பிடுங்குகிறவர். இவர், பிடுங்கிய இடத்துக்குப் பல் செய்து கொடுத்தவர். ஜன்னலோர மேஜை ஒன்றில் உட்கார்ந்து முப்பத்தைந்து வருஷம் பல் செட் செய்தார். அந்தத் தெருவில் வயதானவர்கள் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் அதில் பாதி இவர் கைவேலை.

அது பிழைப்பு. உயிர் இருந்தது சைக்கிளில். புதுச் சைக்கிளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். ஊர் வேண்டாம் என்று வீசி எறிந்த கிழட்டுச் சைக்கிளாக இருக்க வேண்டும். துரு ஏறியிருக்க வேண்டும், தோல் சீட்டு வெடித்திருக்க வேண்டும், கம்பி பிரேக் தொங்க வேண்டும். அதை வீட்டுக்கு உருட்டி வந்து, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, பல் தேய்க்கும் பசையிலிருந்து பல்லுக்கு அச்செடுக்கும் மெழுகு வரை எல்லா வித்தையும் காட்டி, மறுபடி ஓட வைப்பார். பிறகு யாருக்காவது கொடுத்துவிடுவார். அவர் செய்த முதல் சைக்கிளின் செயினில் எத்தனை கண்ணி என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வார்.

மனைவி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் புத்தகத்துக்கு எண் ஒட்டிய கை வீட்டில் சும்மா இருக்குமா? உப்பு டப்பாவில் 'உப்பு' என்று ஒட்டினார், சரி. அலமாரியில் 'சட்டை' என்றும், குளியலறைக் கதவில் 'குளியலறை' என்றும், பல்லுக்காரரின் கருவிப் பெட்டியில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு பெயரும் ஒட்டினால்? பழக்க தோஷம் என்று பல்லுக்காரர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். வாசல் கதவில் மட்டும் சிவப்பு மையில் ஒட்டியிருந்தது: 'சைக்கிள் உள்ளே வரக்கூடாது.'

வாயாலும் சொல்லியிருந்தார். "இன்னொரு சைக்கிள் இந்தப் படியைத் தாண்டி உள்ள வந்துச்சுன்னா, நான் படியைத் தாண்டி வெளிய போயிடுவேன். பொண்ணு வீட்ல எனக்குன்னு ஒரு அறை இருக்கு, ஞாபகம் வெச்சுக்கங்க."

அப்படிச் சொன்ன மனைவிக்குத்தான் இந்தத் துரோகம். ஆனால் பல்லுக்காரர் என்ன செய்வார்? காலையில் நடக்கப் போனவர், தபால் ஆபீஸ் பின்பக்கச் சுவரோரம் அது சாய்ந்து நிற்பதைப் பார்த்தார். மேலெல்லாம் துரு. பக்கத்தில் பழைய இரும்புக்காரர் தள்ளுவண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"யாருதுப்பா இது?"

"தெரியல சார். ஒரு வாரமா இங்கயே கெடக்கு."

"நீ எடுத்துக்கலயா?"

"வேண்டாம் சார்."

"இரும்பாச்சேப்பா!"

"எல்லா இரும்பும் இரும்பு இல்ல சார்" என்று சொல்லிவிட்டு இரும்புக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். தொழில் தெரியாத ஆள் என்று பல்லுக்காரர் பரிதாபப்பட்டார். அடுத்த நிமிடம் அவர் கை அந்த ஹேண்டில்பாரில் இருந்தது. இந்த ஒன்றை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை, நமக்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று அவருக்குத் தெரியவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். பல்லுக்காரர் முழு பலத்தோடு ஒரு தள்ளுத் தள்ளினார். சைக்கிள் உள்ளே போனது, அவரும் போனார், கதவைத் தாழிட்டார்.

"உள்ள யாரு?"

"நான்தான். குளிக்கறேன்."

"காலைலதானே குளிச்சீங்க?"

"வேர்த்துச்சு."

அந்த நேரம் பார்த்து அவர் முழங்கை மணியில் பட்டது. டிரிங்!

"என்ன சத்தம்?"

"சோப்பு கீழ விழுந்துடுச்சு."

"சோப்பு மணி மாதிரி அடிக்குமா?"

"புது சோப்பு."

இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வெளியிலிருந்து வந்தது. பிறகு மனைவி சொன்னார்: "சரி. நான் மிக்சி போடப் போறேன். பத்து நிமிஷத்துக்கு இடி விழுந்தாலும் என் காதுல விழாது. பின்வாசல் வேற தெறந்து கெடக்கு, குளிச்சுட்டு வந்து சாத்துங்க."

பல்லுக்காரருக்கு அதிர்ஷ்டத்தில் எப்போதும் நம்பிக்கை உண்டு. மிக்சி ஓடத் தொடங்கியதும் சைக்கிளைப் பின்கட்டுக்கு உருட்டினார். அங்கே கொடியில் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு வெள்ளைப் போர்வையை இழுத்துச் சைக்கிள்மேல் போட்டார். ஹேண்டில்பாரின் இரண்டு முனைகளும் ஆட்டுக்கொம்பு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எட்டி நின்று பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு செய்தார்.

மனைவி பின்கட்டுக்கு வந்தார், கொடியில் இருந்த மற்ற துணிகளை மடித்தார், போர்வைக்குள் நின்ற கொம்பு முளைத்த பொருளைச் சுற்றிக்கொண்டு போனார். கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் சட்டைப் பையில் இருக்கும் ஒரு பஸ் டிக்கெட்டைக்கூடத் தவறவிடாத கண் அது. அதில் ஒரு சைக்கிள் தப்பிவிட்டது. வயசாகிறது பாவம் என்று பல்லுக்காரர் நினைத்துக்கொண்டார்.

ஆனால் போர்வை தப்பவில்லை. செயின் எண்ணெய் அதில் கறுப்பாக இறங்கியிருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தார். கறை கொஞ்சம் பரவியது. மண்ணெண்ணெய் போட்டார். கறை முழுக்கப் பரவி, வாசமும் சேர்ந்துகொண்டது. அதைச் சுருட்டி ஒளிக்க இடம் தேடும்போது மனைவி கேட்டார்.

"வெள்ளைப் போர்வை எங்கங்க?"

"தையற்காரர்கிட்ட குடுத்திருக்கேன். ஓரம் பிரிஞ்சிருந்துச்சு."

சொன்ன பிறகுதான், சொன்னதைச் செய்ய வேண்டுமே என்று உறைத்தது. மனைவி முன்னறைக்குப் போனதும், போர்வையைக் கேரியரில் கட்டி, சைக்கிளைப் பின்வாசல் வழியாக உருட்டி, நாலு வீடு தள்ளியிருந்த தையற்கடைக்குக் கொண்டுபோனார். வழியில் என்ன சொல்லிக் கேட்பது என்று மூன்று விதமாக ஒத்திகை பார்த்தார்.

தையற்காரர் தலையை நிமிர்த்தினார். "பின்னால ரூம்ல சாய்ச்சு வைங்க சார். ஜன்னல் பக்கம் இடம் ஒதுக்கி வெச்சிருக்கேன்."

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கவே இல்லையே!"

தையற்காரர் கையிலிருந்த துணியைத் திருப்பிப் போட்டார். "கைல கிரீஸ் இருக்கே சார். சைக்கிளும் இருக்கு. வேற என்ன கேக்கப் போறீங்க?"

புத்திசாலி என்று பல்லுக்காரர் மெச்சிக்கொண்டார். "வீட்டுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவ பொண்ணு வீட்டுக்குப் போயிடுவா."

"என் வாயிலேர்ந்து வராது சார்."

"யாராவது கேட்டா?"

"என்னுதுன்னு சொல்லிடறேன். வழக்க..." தையற்காரர் நூலைப் பல்லில் கடித்து அறுத்தார். "வழக்கத்துக்கு விரோதமா ஒரு பொய்."

மறுநாளிலிருந்து அதிர்ஷ்டம் கொட்டத் தொடங்கியது. தினமும் தையற்கடைக்குப் போக என்ன சாக்குச் சொல்வது என்று பல்லுக்காரர் மண்டையை உடைத்துக்கொள்ளும் முன்னால், மனைவியே ஒரு பையைக் கையில் கொடுப்பார். "இந்தச் சட்டைல பித்தான் போயிடுச்சு, தையற்காரர்கிட்ட குடுத்துட்டு வாங்க." அடுத்த நாள் ஒரு தலையணை உறை, நீளமாகக் கிழிந்திருக்கும். அதற்கடுத்த நாள் ஒரு திரைச்சீலை. அந்த வீட்டில் பன்னிரண்டு நாளில் பன்னிரண்டு துணி கிழிந்தது. பழைய துணி, என்ன செய்வது.

கையில் பையைக் கொடுக்கும்போதே மனைவி தவறாமல் திட்டவும் செய்வார். "போற வழில எங்கயாவது குப்பைல கெடக்குற சைக்கிளைத் தூக்கிட்டு வராதீங்க!" பல்லுக்காரர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டுப் போவார். அந்த மனிதர் நடையில் ஒரு துள்ளல் வந்துவிடும்.

பல் செட் செய்யும் இடத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை கட்டுவார்கள். யாருடையது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். பல்லுக்காரர் சைக்கிளுக்கும் அப்படி ஓர் அட்டை கட்டியிருந்தார். காலையில் வந்ததும் அட்டையைப் படிப்பார். 'அடுத்து: பின் பிரேக்.' உடனே உட்கார்ந்துவிடுவார். அதற்குப் பிறகு உலகம் இடிந்தாலும் தெரியாது.

நாலாம் நாள் அட்டையில் 'அடுத்து: பெயிண்ட்' என்று இருந்தது. பல் இடுக்கைச் சுரண்டும் மெல்லிய கொக்கி ஒன்றை எடுத்து, முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையின் உட்பக்கத்தில் மெதுவாகச் சுரண்டினார். வெளியே துருவேறிய நீலம். அதற்குக் கீழே மஞ்சள். வெங்காயம் உரிப்பதுபோல மஞ்சளுக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே மெரூன். எல்லாவற்றுக்கும் அடியில் கம்பெனியில் அடித்த கறுப்பு.

பல்லுக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கவையைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். ஒரு பல் செட்டைத் திருப்பிப் பார்த்து, செய்தது எந்த ஊர்க் கை என்று சொல்லக்கூடியவர் அவர்.

"ஒரே ஆள்தான் பூசியிருக்கான்" என்றார்.

"அப்படியா சார்?" தையற்காரர் ஊசியில் நூல் கோர்ப்பதிலேயே கண்ணாக இருந்தார்.

"நாலு தடவையும் அதே கை. பிரஷ் ஓடின தடத்தைப் பாருங்க. வலப்பக்கம் தொட்டு இடப்பக்கம் இழுத்திருக்கான். என்னை மாதிரி இடக்கைக்காரன். ஒவ்வொரு தடவையும் பழைய பெயிண்டைச் சுரண்டி எடுக்காம, துருவை மட்டும் நீக்கிட்டு மேலயே பூசியிருக்கான். மொதல்ல சோம்பேறின்னு நெனச்சேன். இல்ல. முன்னாடி பூசினவனுக்குக் குடுக்கற மரியாதை அது. நானா இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்."

"முன்னாடி பூசினதும் அவரேதானே சார்?"

"அதனால என்ன? அவனுக்கு அவனே மரியாதை குடுக்கக் கூடாதா?"

பல்லுக்காரர் கவையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு அவர் குரல் மாறியது.

"நாலு தடவை தொட்டு உயிர் குடுத்தவன், அஞ்சாவது தடவை ஏன் குப்பைல போட்டான்?"

தையற்காரர் விரலில் ஊசி குத்தியது.

"இப்படிச் செய்யறவன் தூக்கிப் போடற ஆள் இல்லை. உடம்பு முடியாம இருக்கானோ? செத்தே போயிட்டானோ?"

"ஐயோ, நல்லா இருக்கார் சார்!"

"உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"இல்ல... நல்லா இருப்பார்னு சொன்னேன்."

அன்று மதியம் பல்லுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முகம் தெரியாத ஒருவனுக்காக இப்படித் துக்கம் வருமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. சைக்கிள் பற்றி இந்தத் தெருவில் யாரோடும் இரண்டு வார்த்தை பேச முடிந்ததில்லை. எங்கேயோ பக்கத்தில், அதே கை, அதே கிறுக்கு உள்ள ஒருவன் இத்தனை நாள் இருந்திருக்கிறான். சந்திக்காமலே போய்விட்டோமே. எதையோ ஓர் இடத்தில் வைத்துவிட்டு, வைத்த பொருள் எது என்பதே மறந்துபோன மாதிரி நெஞ்சுக்குள் ஓர் அவஸ்தை.

சோற்றைப் பிசைந்துகொண்டே முடிவு செய்தார். இந்தச் சைக்கிள் நமக்கு வேண்டாம். முடித்து, அந்த இடக்கைக்காரனைக் கண்டுபிடித்து, அவன் கையிலேயே சேர்த்துவிட வேண்டும். அவன் படுத்த படுக்கையாக இருந்தாலும் பரவாயில்லை, மணிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

"என்ன யோசனை?" என்றார் மனைவி.

"ஒருத்தனுக்கு நல்லது செய்யணும்."

"செய்யுங்க. முதல்ல சாப்பிடுங்க."

சாயங்காலம் பெயிண்ட் கடைக்குப் போனார். கடைக்காரர் அவரைப் பார்த்ததும் ஏணியில் ஏறினார்.

"சிவப்புதானே சார்?"

"நான் எந்த நிறம்னு இன்னும் சொல்லவே இல்லையே."

"சிவப்புதான் சார் இன்னும்..." கடைக்காரர் ஏணியிலேயே நின்றார்.

"இன்னும்?"

"இன்னும் ஸ்டாக் இருக்கு."

பல்லுக்காரர் முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "ஒரு விஷயம் கேக்கணும். மெரூன், பச்சை, மஞ்சள், நீலம். இந்த வரிசைல உங்ககிட்ட யாராவது சின்ன டின் வாங்கினாங்களா? இடக்கைக்காரன்."

கடைக்காரர் டின்னைத் துடைத்தார். துடைத்த டின்னையே மறுபடி துடைத்தார். "எத்தனையோ பேர் வராங்க சார்."

"யோசிச்சுப் பாருங்க."

"ஞாபகம் இல்ல சார்."

பல்லுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "கடை வெச்சிருக்கறவருக்கு ஞாபகம் முக்கியம் இல்லையா? எனக்கெல்லாம் முப்பது வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச பல்லு எந்த வாய்க்குப் போச்சுன்னு இப்பவும் தெரியும். வெண்டைக்காய் நெறைய சாப்பிடுங்க."

"சரி சார்" என்றார் கடைக்காரர், தலையைக் குனிந்துகொண்டு.

பன்னிரண்டாம் நாள் சிவப்பு காய்ந்து பளபளத்தது. சக்கரம் தொட்டால் சுழன்றது, நிறுத்தச் சொல்லும்வரை சுழன்றது. பல்லுக்காரர் கடைசித் திருகை முடுக்கிக்கொண்டிருக்கும்போது, கடை வாசலில் மனைவியின் குரல் கேட்டது.

"என் போர்வை தைச்சாச்சா? பன்னெண்டு நாளா ஒரு ஓரம் தைக்கறீங்களே!"

பல்லுக்காரர் தொங்கிய துணிகளுக்குப் பின்னால் பதுங்கினார். பதுங்கியவர் சைக்கிளை மறைக்க மறந்துவிட்டார்.

மனைவி பின்னறைக்குள் வந்து நின்றார். சைக்கிளைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். "இது யாருது?"

"என்னுதும்மா" என்றார் தையற்காரர், வாக்கு மாறாமல்.

"உங்களுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"ஏதோ... கொஞ்சம்."

"எங்க, ஓட்டிக் காட்டுங்க பார்ப்போம். எனக்கும் ஆசையா இருக்கு."

தையற்காரர் பிறந்ததிலிருந்து தையல் மிஷின் பெடலைத் தவிர வேறு பெடலை மிதித்ததில்லை. துணிகளுக்குப் பின்னால் பார்த்தார். அங்கிருந்து இரண்டு கைகள் 'வேண்டாம், வேண்டாம்' என்று ஆடின. கொடுத்த வாக்கா, எலும்பா என்று யோசித்தார். வாக்கு கொடுத்த மனிதர், பாவம். சைக்கிளைத் தெருவுக்கு உருட்டி வந்து ஏறினார்.

நல்லவேளையாகத் தெரு கொஞ்சம் சரிவு. கெட்டவேளையாகவும் அதே சரிவுதான். சைக்கிள் தானாகவே கிளம்பியது. தையற்காரர் பிரேக்கைத் தவிர எல்லாவற்றையும் பிடித்தார். பெயிண்ட் கடைக்காரர் வாசலுக்கு ஓடிவந்து "பிரேக்! பிரேக்!" என்று கத்தினார். குரல் வந்த திசையில் என்ன இருக்கிறது என்று தையற்காரர் திரும்பிப் பார்த்தார். சைக்கிளும் அந்தப் பக்கம் திரும்பியது. கடை வாசலில் அடுக்கியிருந்த காலி டின்கள் சரிந்த சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

"ஐயோ, என் கவை!" என்று அலறிக்கொண்டு பல்லுக்காரர் ஓடினார். தோளில் யாருடைய சட்டையோ தொங்கிக்கொண்டிருந்தது.

தையற்காரருக்குச் சிராய்ப்புத்தான். ஹேண்டில்பார் ஒரு பக்கம் கோணிவிட்டது, கவையில் சிவப்பு உரிந்து நீலம் தெரிந்தது. பல்லுக்காரர் அந்த நீலத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்தார். மனைவி மெதுவாக நடந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"என்னுதுதான்" என்றார் பல்லுக்காரர், தலை நிமிராமல். "படி தாண்டிடுச்சு. நீ பொண்ணு வீட்டுக்குப் போறதுன்னா போ. நான் தடுக்கல."

"எழுந்திருங்க."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"சோப்பு மணி அடிச்சப்பவே."

"அப்ப ஏன் திட்டல?"

"தினமும்தான் திட்டிட்டு இருக்கேன். திட்டாம விட்டா உங்களுக்கு வேலை ஓடாதே."

பல்லுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் கூடவே இருந்தும் இவளைச் சரியாகப் படிக்கவில்லையே என்று இருந்தது. "இதுதான் கடைசி. சத்தியமா இனிமே எந்தச் சைக்கிளையும் தொடமாட்டேன்."

மனைவி சட்டென்று அவர் வாயைப் பொத்தினார். "கடைசின்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார்.

அடுத்த இரண்டு நாள் வேலை வீட்டுப் பின்கட்டில், வெளிப்படையாகவே நடந்தது. மனைவி டின்னைப் பிடித்துக்கொள்ள, பல்லுக்காரர் ஹேண்டில்பாரை நிமிர்த்தி, சிவப்பு பூசி, கடைசியில் முடிபோல மெல்லிய பிரஷ்ஷால் ஒரு தங்கக் கோடு இழுத்தார். கோட்டின் முடிவில் கை தானாக ஒரு சின்னக் கொக்கி போட்டது.

"அடடா, அவனும் இப்படித்தான் போட்டிருக்கான்" என்று காட்டினார். கவையின் உட்பக்கம், சிவப்பு எட்டாமல் விட்ட பழைய நீலத்தின்மேல் அதே கொக்கி. "பார்த்துப் பார்த்து அவன் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கிச்சு."

மனைவி அந்தக் கொக்கியை விரலால் தொட்டார். "நல்லா இருக்கு" என்றார்.

"அவன் பார்த்தா சந்தோஷப்படுவான், இல்ல?"

"ரொம்ப."

மூன்றாம் நாள் மதியம் இரும்புக்காரர் வண்டியோடு வந்தார். மனைவிதான் சொல்லி அனுப்பியிருந்தார். ஊரெல்லாம் சுற்றுகிற ஆள் அவர், அவரைத் தவிர வேறு யாரால் அந்த இடக்கைக்காரனைத் தேட முடியும்? பல்லுக்காரர் ஓர் அட்டையில் 'உரியவருக்கு' என்று இடக்கையால் எழுதி, ஹேண்டில்பாரில் கட்டினார்.

"இங்க பாருப்பா. இதை எடுத்தது நான்தான், ஆனா இது என்னுது இல்ல. நாலு தடவை இதுக்கு உயிர் குடுத்த இடக்கைக்காரன் ஒருத்தன் இருக்கான். அவன் கைலதான் போய்ச் சேரணும். நடுவுல ஒடச்சு வித்துடமாட்டியே?"

"மாட்டேன் சார்."

"எப்படிக் கண்டுபிடிப்ப?"

"கண்டுபிடிச்சுடலாம் சார். சைக்கிளைப் பார்த்தா அவரே வருவார்."

"அவனுக்கு உடம்பு சரியில்லாம இருந்தா?"

இரும்புக்காரர் தன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வருவார் சார்."

"எம் பேரெல்லாம் சொல்ல வேண்டாம். ஒருத்தன் நல்லாப் பார்த்துக்கிட்டான்னு மட்டும் சொல்லு."

"சொல்றேன் சார்."

பல்லுக்காரர் சைக்கிள் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தார். பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. உள்ளே போய், 'கட்டில்' என்று ஒட்டியிருந்த கட்டிலில் படுத்தார். நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

மனைவி சைக்கிளை வாசல்வரை தானே உருட்டி வந்தார். அட்டையை மட்டும் அவிழ்த்துத் தன் கைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். இரும்புக்காரர் சைக்கிளைச் சிராய்ப்புப் படாமல் வண்டியில் ஏற்றி, துண்டால் மூடி, உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"இந்தத் தடவையும் ஒரு மாசம் உப்புத் தண்ணி தெளிச்சு வெயில்ல போட்டுட்டு, அதே தபால் ஆபீஸ் சுவரோரம் சாய்ச்சு வெச்சுடறேம்மா, சார் கைக்கே போய்ச் சேர்ந்துடும்."